மருமகளுக்கு மலைச் சாமான் வாங்கப் போனது

எங்க வீட்டில் பாஸ்போர்ட் உள்ள ஆள் என் மருமகள் செல்வி ஒருத்திதான். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவென்று ஏஜென்சிக்காரர் எடுத்துக் கொடுத்தது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவளும் நானும் மலைச் சாமான் வாங்க இரத்தினபுரிப் பக்கம் போனோம். கல்யாணம், சாவு தவிர தோட்டத்தை விட்டு வெளியே போகாத எனக்கு அதுவே வெளிநாடு.

எங்க தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே. ரப்பர்த் தோட்டம். அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் கித்துல்கல. கொழும்புப் பிள்ளைகளும் வெள்ளைக்காரர்களும் அங்கே வந்து, நீர்வீழ்ச்சிப் பாறையில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். விளையாட்டுக்குத்தான். அதற்குக் காசும் கொடுக்கிறார்கள். செல்வி அங்கே சமையலுக்குப் போனவள். போன இடத்தில் மெல்ல மெல்லக் கயிற்றுப் பக்கம் போய்விட்டாள். இறங்க வருகிற பொம்பளைகளுக்குத் தொடையிலும் இடுப்பிலும் பட்டை கட்டிவிட ஒரு பொம்பளை வேண்டும் என்று அங்கே பொறுப்பாக இருக்கிற சிங்களவர் சுனில் மாத்தயா ஆள் தேடிக்கொண்டிருந்தார். செல்விக்குப் பழக்கினார். சனிக்கிழமை சோதனை. பாஸானால் நிரந்தர வேலை. இல்லையென்றால் அடுத்த மாசம் குவைத். வீட்டில் ரெண்டு சின்னப் பிள்ளைகள். என் மகனுக்கு முதுகு அடிபட்டதிலிருந்து பாரம் தூக்க முடியாது.

சோதனைக்கு வரும்போது சப்பாத்து, ஹெல்மட், கயிற்றைக் கோர்க்கிற இடுப்பு பெல்ட் மூன்றும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமாம். என் மகன் சொன்னான்: "அம்மாவைக் கூட்டிட்டுப் போ செல்வி. அம்மா தடவிப் பாத்தே நல்லது கெட்டது சொல்லும்."

வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். பாதி வழியில் பஸ்ஸின் பின்பக்கக் கதவு, சாமான் வைக்கிற டிக்கிக் கதவு, கொண்டி உடைந்து பட்பட்டென்று அடிக்கத் தொடங்கியது. கண்டக்டர் கயிறு கேட்டுச் சத்தம் போட்டார். செல்வி பழகுவதற்கு வைத்திருந்த கயிற்றுத் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி, எட்டு வடிவத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வந்தாள். பெல்மதுளையில் நாங்க இறங்கி நடக்கும்போது அந்தக் கண்டக்டர் பின்னால் ஓடிவந்தார். அவர் சிங்களத்தில் சொன்னது இதுதான்: "நங்கி, இந்த முடிச்சு எனக்கு அவிழல. கட்டினது நீ, நீயே அவிழ்த்துட்டுப் போ. இல்லாட்டி பஸ்ஸை ராவைக்கு உங்க வீட்டுலதான் நிறுத்தணும்."

எங்க பக்கம் ரப்பர் மரத்து நிழலில்தான் நடமாட்டம். வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கே தேயிலை மொட்டையாகக் கிடக்கிறது, வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது. வயலுக்கு நடுவில் ஓலைக் கூரை போட்டு மாணிக்கக்கல் குழி தோண்டியிருக்கிறார்கள். ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் போவதைப் பார்த்து செல்வி நின்றுவிட்டாள்.

"அத்த, அவருக்கு பெல்டே இல்ல."

"அவருக்கு சோதனையும் இல்ல. நட."

குழி வேலைக்குச் சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனோம். கித்துல்கல பையன்களும் அவரிடம்தான் சப்பாத்து வாங்குவார்களாம். தாடி நரைத்த மனுசன். யாருக்கு என்று கேட்டார். நான் செல்வியைக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நல்லம். கால நீட்டுங்க மகள்" என்றார்.

மூன்று சோடி எடுத்து வைத்தார். ஒன்று கணுக்காலை மூடுகிற தடித்த சப்பாத்து. மூட்டை சுமந்துகொண்டு நாள் கணக்கில் மலை நடக்கிறவர்களுக்கு. தண்ணீரில் இறங்கினால் அது வாளி மாதிரி நிறைந்துவிடுமாம். இன்னொன்று யாரோ வெள்ளைக்காரப் பையன் விற்றுவிட்டுப் போனது, முன்பக்கம் கிளிமூக்கு மாதிரி கூராக இருந்தது. செங்குத்துப் பாறையில் விரல் நுனியில் நிற்கிறவர்களுக்கு. சின்ன வயசிலிருந்து வெறுங்காலில் நடந்த செல்வியின் கால், முன்னால் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ரெண்டு விரல்தான் உள்ளே போனது.

"இத அதுல கெட்டிக்காரனாகினவன் போடுறது" என்றார் நானா. "பழகுறவங்க போட்டா நகம்தான் போகும்."

மூன்றாவது வலைத்துணிச் சப்பாத்து. தண்ணீர் உள்ளே போனாலும் ஓரத்து ஓட்டையால் ஓடிவிடும். அதிலும் ரெண்டு தினுசு அடிப்பாகம் இருந்தது. காலமெல்லாம் ரப்பர்ப் பால் வெட்டினவள் நான், ரப்பர் என்றால் கை சும்மா இருக்காது. நகத்தால் அழுத்தினேன், மோந்து பார்த்தேன்.

"அம்மா, கடிச்சி மட்டும் பாத்துராதீங்க" என்றார் நானா.

நான் மெத்தென்று இருந்ததை எடுத்தேன். ஈரப் பாறையில் அதுதான் ஒட்டும் என்றேன். ஒட்டும்தான், ஆனால் அது ஒருநாள் வந்து இறங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு, தினமும் அதில் நிற்கிற ஆளுக்குச் சீக்கிரமே தேய்ந்துவிடும், கொஞ்சம் கெட்டி ரப்பரை எடுங்க என்றார். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. கெட்டியானதையே எடுத்தோம்.

ஹெல்மட்டுக்கு நான் மஞ்சள் நிறத்தில் ஒன்றைக் காட்டினேன். பார்க்கக் கெட்டியாக இருந்தது.

"அது குழிக்கு எறங்குற ஆக்களுக்கு. கல்லு விழுந்தா தாங்கும். ஆனா நாடிப் பட்டிய பலமா இழுத்தா கழண்டுரும். எங்கயாச்சும் மாட்டினா கழுத்து நெரியக் கூடாதுண்டு அப்பிடிச் செஞ்சீக்கி. மகளுக்கு அது சரிவராது. சறுக்கி விழுந்தாலும் தொப்பி தலையோட நிக்கணும்." உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்துவந்தார். பட்டியைப் பிடித்து செல்வியின் தலையையே அசைத்துப் பார்த்தார். தொப்பி அசையவில்லை, அவள்தான் அசைந்தாள்.

பெல்ட் கேட்டோம். "அத நான் விக்கிறல்ல மகள். கொழும்புல இருந்து எடுப்பிச்சுத் தர ஏலும். ஒரு கிழமை போகும்" என்றார். எங்களிடம் ஒரு கிழமை இல்லை. அவர் சொன்ன கொழும்பு விலைக்குக் கையில் பணமும் இல்லை.

பக்கத்துக் கடையில் சோறு சாப்பிட்டோம். பருப்பு, கீரைச் சுண்டல், கருவாட்டுப் பொரியல். ஆம்பிளைகள் நிறைந்த கடையில் எனக்குச் சோறு இறங்காது, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். "சுவரு என்ன அத்த, உங்களுக்குச் சொந்தமா?" என்று செல்வி சிரித்தாள். கருவாடு நல்ல மொறுமொறுப்பு. எங்க பக்கம் உப்பு இதைவிடக் கூட.

அன்றைக்குச் சந்தை நாள். அங்கேதான் நான் பிழை விட்டேன்.

எங்க சனம் உடுத்துவதில் பாதி ரிஜெக்ட் உடுப்பு. வெளிநாட்டுக்குத் தைக்கும்போது கொஞ்சம் பிசகினதைச் சந்தையில் குவித்து விற்பார்கள். காலர் கோணலாக இருக்கும், ஒரு பொத்தான் ஓட்டை தள்ளியிருக்கும், அவ்வளவுதான். துணி பத்து வருசம் உழைக்கும். வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கழுத்துப் பட்டியைப் பார்க்க வேண்டும். லேபலை வெட்டியெடுத்திருந்தால் அது நிஜமாக வெளிநாட்டுக்குத் தைத்தது. லேபல் அப்படியே இருந்தால் யாரோ உள்ளூரில் தைத்து ஏமாற்றுகிறான். எங்க லயத்து வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மழைக்கோட்டு விற்கிற ஒரு கடையில் மூன்று நாலு பெல்ட் தொங்கியது. சுனில் மாத்தயா வைத்திருப்பது மாதிரியே இருக்கிறது என்றாள் செல்வி. நான் புரட்டிப் பார்த்தேன். லேபலை ஒட்ட வெட்டியிருந்தது. மனசு குளிர்ந்துபோச்சு. பட்டையை முறுக்கினேன், காலில் மிதித்துக்கொண்டு இழுத்தேன். கடைக்காரர், "அம்மே, இதுல யானையையே கட்டலாம்" என்றார் சிங்களத்தில்.

செல்வி மட்டும் தயங்கினாள். "அத்த, லேபல் பாத்து வாங்கச் சொல்லி சுனில் சேர் சொன்னாரு."

"சட்டைக்கே லேபலை வெட்டித்தான் விடுறான். இதுக்கு மட்டும் வப்பானா?"

எங்க வீட்டில் சாமான் விசயத்தில் நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வாங்கிக்கொண்டோம்.

பொழுது சாயும் நேரம் நிவித்திகலையில் என் தங்கச்சி காமாட்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவித்த ஈரப்பலாக்காயும் தேங்காய்ப் பூவும் கட்டச்சம்பலும் வைத்தாள். "மலை ஏறப் போறியாமே கிழவி! போன வருசம் கோயில் படியிலயே உன்னை ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க" என்றாள். அவள் மகள் புவனாவுக்குக் கார்மெண்ட்ஸில் வேலை. வெளிநாட்டுக்குப் பையும் பெல்டும் தைக்கிற இடம். வேலை முடிந்து வந்தவளிடம் நான்தான் ஆசையாகப் பெல்டை எடுத்துக் கொடுத்தேன்.

"நல்ல ரிஜெக்ட் புவனா. லேபல் வெட்டியிருக்கு பாரு."

அவள் கை கழுவாமலேயே வாங்கி, லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் புரட்டினாள். தையலை விரலால் தடவிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"பெரியம்மா, இங்க பாருங்க. கயித்தைக் கோர்க்கிற இடம். பட்டை மடிஞ்சு வர்ற இடத்துல குறுக்கு மறுக்கா நெருக்கமா ஒரு தையல் போடுவோம். இந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் இல்ல. சும்மா ஓட்டுத் தையல்தான்."

"ஒரு தையல்தானே?"

"சட்டை பிரிஞ்சா ஊசி நூலு போதும். அண்ணி அதுல தொங்கும்போது பிரிஞ்சா?"

பெல்டில் லேபல்தான் அதன் சாட்சியாம். என்ன பாரம் தாங்கும், எப்போது தைத்தது எல்லாம் அதில்தான் இருக்கும். பிழையான பெல்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும் என்பது உத்தரவு. யாரோ லேபலை மட்டும் வெட்டிவிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறான்.

"நீயே அந்தத் தையலைப் போட்டுக் குடேன், வீட்டுல மெஷின் இருக்கே" என்றேன்.

"இந்த மெஷினுக்கு அந்தப் பட்டையில ஊசியே எறங்காது பெரியம்மா."

செல்வி சொன்னாள்: "பரவாயில்ல புவனா. சனிக்கிழமை ஒருநாள்தானே. மெல்லமா எறங்கிருவேன். பாஸானா முதல் சம்பளத்துல வேற வாங்கிக்கலாம்."

 பெல்டுக்குக் கொடுத்த காசை நினைத்துச் சொல்கிறாள் என்று புவனா எண்ணியிருப்பாள். அவள் குவைத்தை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் எழும்பிப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தேன். அது பட்டையில் ஏறவில்லை. காமாட்சி புருசனின் கவ்வாத்துக் கத்தி மூலையில் இருந்தது, தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி. அதால் அறுத்தேன். மூன்று துண்டாக்கினேன். "பட்டை இவ்வளவு கெட்டியா இருக்கே" என்று வாய் தன்னால் சொன்னது. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இரத்தினபுரி டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினோம். நல்ல மழை. கட்டட வேலைச் சாமான் விற்கிற கடையில் ஒரு பெல்ட் காட்டினார்கள். புதுசு, லேபலும் இருந்தது. நான் முகம் மலர்ந்தேன். செல்வி புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது சாரத்துல நின்னு வேலை செய்றவங்களுக்கு அத்த. கொளுக்கி முதுகுல இருக்கு. விழுந்தா பிடிச்சுக்கும். இதுல பாறையில எறங்க முடியாது, முகம் குப்புறத் தொங்கும்." இந்த முறை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி வரும்போது மண் சரிந்து ரோட்டில் மரம் கிடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி, கொப்பை இழுத்துப் போட்டுவிட்டு ஏறினோம். செல்வி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை அவள் என்னை வரவேண்டாம் என்றாள். பெல்ட் வாங்கினது என் பிழை என்று அந்த மாத்தயாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று கூடப் போனேன். போய் அவர் முன்னால் நின்றதும் வாய் ஒட்டிக்கொண்டது. ஆற்றுச் சத்தம் வேறு. செல்விதான் பையைத் திறந்து சப்பாத்து, ஹெல்மட், அந்த மூன்று துண்டு எல்லாம் வரிசையாக வைத்து நடந்ததைச் சொன்னாள்.

சுனில் மாத்தயா சப்பாத்தை மடக்கிப் பார்த்தார். ஹெல்மட் பட்டியை இழுத்துப் பார்த்தார். துண்டுகளைக் கையில் எடுத்துத் தையல் இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தார். கொஞ்சம் தமிழ் தெரியும் அவருக்கு. "யாரு வெட்டினது?" என்றார். செல்வி என்னைக் காட்டினாள்.

"பெல்ட் இல்லாம வந்ததுக்கு மார்க் குறையும். இத போட்டு வந்தா கேட்லயே திருப்பி அனுப்பி இருப்பேன்" என்றார்.

அவளுக்கு அங்கே உள்ள பெல்ட் ஒன்றைக் கொடுத்தார்கள். முதலில் தனியாக இறங்கிக் காட்டினாள். நல்லபடியாக இறங்கினாள். அடுத்ததுதான் பெரிய சோதனை. இந்த வேலையே தெரியாத ஒரு ஆளுக்குச் சாமான் பார்த்துக் கட்டி, சின்னப் பாறையில் இறக்க வேண்டும். சோதனைக்கு வந்த பையன்கள் ஆளுக்கொரு கூட்டாளியைக் கூட்டிவந்திருந்தார்கள். செல்விக்கு ஆபீஸில் வேலை செய்கிற பொம்பளைப் பிள்ளை இறங்குவதாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. பொம்பளையைக் கட்டி இறக்கத்தான் இவளையே எடுக்கிறார்கள், அதனால் ஆம்பிளையை வைத்துப் பார்க்க முடியாது. "அடுத்த சோதனைக்குப் பாப்போம்" என்றார் மாத்தயா. அது எப்போது என்று அவருக்கே தெரியாது. ஏஜென்சிக்காரர் சொன்ன தேதி எங்களுக்குத் தெரியும்.

"நான் எறங்குறேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"வேணாம் சேர். அத்தைக்கு வெட்கம், கடையில சோறே திங்க மாட்டாங்க" என்றாள் செல்வி.

மாத்தயா என்னை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சு வலி இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன். இறங்குகிற பாறை எங்க லயத்து வீட்டின் மேல் இன்னொரு வீட்டை வைத்தால் எவ்வளவோ அவ்வளவு உயரம். சேலையோடு பட்டை போட முடியாது. செல்வி தன்னுடைய காற்சட்டையையும் ஒரு நீளச் சட்டையையும் கொடுத்தாள். குளியலறையில் அவற்றை மாட்டிக்கொண்டு, சட்டையை முழங்கால் வரைக்கும் இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பெல்டுகள் ஒரு கம்பியில் தொங்கின. பையன்கள் எல்லோரும் கூட்டாளிகளுக்கு இடுப்பு பெல்ட்தான் எடுத்திருந்தார்கள். செல்வியும் அதைத்தான் எடுத்துக் கட்டினாள். இறுக்கினாள். அந்தப் பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அது இடுப்பைத் தாண்டிக் கீழே வந்தது. இன்னும் இறுக்கினாள், இழுத்தாள், வந்தது. கழற்றிவிட்டு மற்றக் கம்பிக்குப் போய், தோளிலும் நெஞ்சிலும் பட்டை வருகிற முழு பெல்டைக் கொண்டுவந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரிதான், அளவு பெரிசு. ஒரு பையன் சிரித்தான்.

"ஏன் இது?" என்று கேட்டார் மாத்தயா.

செல்வி சிங்களத்தில் பதில் சொன்னாள். எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னாள். "எங்க அத்தைக்கு இடுப்பே இல்ல சேர். பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் நடக்க நடக்க நழுவிட்டே வரும். தலைகீழாப் புரண்டா இடுப்பு பெல்ட் உருவிட்டு வந்துரும். இது தோள்ல நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மாத்தயா சிரிக்கவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டினார்.

பின்பக்கமாகச் சாய்ந்து முதல் அடி வைக்க வேண்டும். ரப்பர் மலையில் பால் வாளியோடு முன்னுக்குக் குனிந்தே நடந்த உடம்புக்கு அது தெரியாத வேலை. சாய்ந்தேன், பயத்தில் பாறையைக் கட்டிப் பிடித்தேன், கால் சறுக்கியது. ஹெல்மட் பாறையில் டொக்கென்று அடித்தது. ஒரு சுற்றுச் சுற்றி அந்தரத்தில் நின்றேன். நெஞ்சில் பட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கீழே தண்ணீர்.

மேலே கயிற்றைப் பிடித்திருந்த செல்வியின் குரல் கேட்டது. வீட்டில் அவள் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. "அத்த! பாறையைக் கட்டிப் பிடிக்காதீங்க! கதிரையில உக்கார்ற மாதிரி உக்காருங்க! கால நல்லா அகட்டி வைங்க! இன்னும் அகட்டுங்க!"

இத்தனை ஆம்பிளைகள் கேட்க இப்படிச் சொல்கிறாளே என்று வெட்கம் பிடுங்கியது. வெட்கம் வந்ததில் பயம் போய்விட்டது. சொன்னபடி உட்கார்ந்தேன், அகட்டினேன். பாறை தானாகக் காலுக்குக் கீழே வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் சொல்ல, நான் வைத்தேன். கயிறு ஒரே மாதிரி, வெட்டி இழுக்காமல் இறங்கிக்கொண்டே வந்தது.

கீழே மணலில் மாத்தயா நின்றிருந்தார். இறங்கின ஆளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம், அதுதான் சோதனையில் கடைசி. "இவ கயிறு பிடிச்சா மறுபடி இறங்குவீங்களா? வாயால சொல்லணும்" என்றார். பையன்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே பாறை ஓரத்தில் செல்வியின் ஹெல்மட் தெரிந்தது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பெல்டைக் கழற்ற வந்த பையனின் கையை விலக்கிவிட்டு, பெல்டோடேயே பாறை உச்சிக்குப் போகிற படியில் மறுபடி ஏறத் தொடங்கினேன்.